கபடி அணிக்குக் கட்டிய கொடி எப்படிச் சாதிக் கொடி ஆகும்?

மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான். ஊர்க் கபடி அணிக்குப் பொங்கலுக்குப் புதுக் கொடி தைத்திருக்கிறார்கள். மஞ்சளும் சிவப்பும். நடுவில் ரெய்டு போகிற வீரர் படம், கீழே ஊர்ப் பெயர். பேருந்து நிறுத்தத்தில் ஆரம்பித்து வாய்க்கால் பாலம் வரைக்கும் கட்டியிருக்கிறார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கத் தெருக்காரர்கள் அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வாய்த்தகராறு முற்றிக் காவல் நிலையம் வரை போயிருக்கிறது. "கொடியில் சாதிப் பெயர் இல்லை, தலைவர் படம் இல்லை, கட்சிச் சின்னம் இல்லை. விளையாட்டுக் கொடியைக்கூடக் கட்டக் கூடாதா? தப்பு யார் மேல்?" என்று கேட்கிறார்.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் கிராமத்துப் போட்டிகளுக்கு இன்னமும் நடுவராகப் போய்க்கொண்டிருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

தம்பி, நீங்கள் எழுதியதில் ஒரு விவரம் விட்டுப்போயிருக்கிறது. உங்கள் அணியில் பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பையன் ஒருவனாவது ஆடுகிறானா? என் பதில் முழுக்க இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. ஆடுகிறான் என்றால் நிறத்தையும் இடத்தையும் பேசித் தீர்த்துவிடலாம், ஒரு சாயங்காலம் போதும். யாரும் ஆடவில்லை என்றால், அந்தக் கொடியில் மஞ்சளையும் சிவப்பையும்விட உறுத்துவது கீழே எழுதியிருக்கும் ஊர்ப் பெயர். அவர்களுக்கும் அதே ஊர்தான். ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. அந்தப் பெயரைப் போட்டு ஒரு அணி, அதில் அவர்கள் பிள்ளைகளுக்கு இடமில்லை, அந்த அணியின் கொடி அவர்கள் தினமும் நடந்து போகிற பாலத்தில் பறக்கிறது. நீங்கள் அந்த வீட்டில் பிறந்திருந்தால் உங்களுக்கு அது விளையாட்டுக் கொடியாகத் தெரியுமா?

நீங்கள் கெட்ட எண்ணத்தோடு கட்டினீர்கள் என்று நான் சொல்லவில்லை. இருபது வயதுப் பையன்கள் கையில் காசு சேர்த்து, திருவாரூரிலோ கும்பகோணத்திலோ ஆர்டர் கொடுத்து, பளபளக்கிற சாட்டின் துணியில் கொடி அடித்துக்கொண்டு வரும்போது எவ்வளவு ஆசையாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூங்கில் குச்சியில் அதைச் செருகும்போதே பாதி மேட்ச் ஜெயித்த மாதிரி ஒரு தெம்பு வரும். அந்தத் தெம்பு வேண்டியதுதான். கொடியே கூடாது என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். இந்தப் பையன்களுக்கு எங்கள் ஊர், எங்கள் அணி என்று சொல்லிக்கொள்ள வேறு என்ன இருக்கிறது?

ஆனால் டெல்டாவில் கொடி என்பது என்றைக்குமே வெறும் துணியாக இருந்ததில்லை. இங்கே எல்லாக் காரியமும் கொடியேற்றத்தில்தான் ஆரம்பிக்கிறது. சிவன் கோயில் பிரம்மோற்சவம் அப்படி. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29-ல் கொடி ஏறி, செப்டம்பர் 8-ல் திருவிழா முடிகிறது. நாகூர்க் கந்தூரிக்கு நாகப்பட்டினத்திலிருந்து கொடி ஊர்வலம் புறப்பட்டுப் போய் தர்காவின் ஐந்து மினாராக்களிலும் ஏறுகிறது. அந்த மினாராக்களில் உயரமானது, 131 அடி, தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங் கட்டிக் கொடுத்தது. இந்து அரசர் எழுப்பிய மினாராவில் முஸ்லிம்களின் கொடி ஏறுகிறது, கீழே எல்லா மதத்துக்காரர்களும் நின்று பார்க்கிறார்கள். இந்த மண்ணுக்கு அந்தப் பெருந்தன்மையும் தெரியும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைத்துப் பேச முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள். எல்லாரும் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல் உயர்வு கேட்டதுதான் சண்டையின் மையம். ஆனால் அந்தச் சண்டைக்குள் கொடியும் இருந்தது. தெருவில் ஏற்றியிருந்த செங்கொடியை இறக்கிவிட்டு, மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் பச்சைக் கொடியை ஏற்று என்று கட்டாயப்படுத்தினார்கள். இவர்கள் மறுத்தார்கள். யார் தெருவில் யார் கொடி பறக்கும் என்பது இந்தப் பக்கத்தில் உயிர் போன விஷயம். உங்கள் கபடிக் கொடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அந்தத் தெருவில் எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு தாத்தா தன் தெரு முனையில் புதிதாக ஒரு கொடியைப் பார்க்கும்போது அவருக்கு என்னவெல்லாம் ஞாபகம் வரும் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

இப்போது கபடிக்கு வருகிறேன்.

டெல்டாவில் கபடிப் போட்டி நடக்கும் காலத்தைக் காவிரித் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் குறுவை, அப்புறம் சம்பா, தாளடி. சம்பா அறுவடை தை, மாசியில் முடிந்தால்தான் வயல் காயும், பையன்கள் கையிலும் நாலு காசு புழங்கும். அறுத்த வயலில்தான் முக்கால்வாசி மைதானம். தாளை மண்வெட்டியால் சீவி எடுத்து, கட்டியை உடைத்து, தண்ணீர் தெளித்து, உருளை போட்டு, மேலே சலித்த மண்ணைப் பரப்பி, சுண்ணாம்பில் கோடு இழுப்பார்கள். 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நாலு மூலையிலும் சவுக்குக் கம்பம் நட்டு விளக்குக் கட்டி, ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் ஆட்டம் சூடு பிடிக்கும். விடியற்காலையில் இறுதிப் போட்டி.

இந்த வேலையை எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒன்று புரியும். வயல் ஒருவருக்குச் சொந்தம். அந்த ஒருவர் எந்தத் தெருக்காரர் என்பதிலேயே யார் அங்கே கால் வைக்கலாம் என்பது பாதி முடிவாகிவிடுகிறது. மீதியை விழாக் கமிட்டி முடிவு செய்கிறது. நோட்டீஸில் யார் பெயர் முதலில், யார் கோப்பை கொடுப்பார், மைக்கில் யாரை எப்படி அழைப்பார்கள் என்பதெல்லாம் அவர்கள் கையில். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் சாதிப் பட்டப்பெயர் போடாத பிளக்ஸைப் பார்ப்பது அபூர்வம். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் கொடி வருகிறது. அதனால் கொடியைப் பார்க்கிறவன் அதில் எழுதியிருப்பதை மட்டும் படிப்பதில்லை. வயல், கமிட்டி, நோட்டீஸ், மைக் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் படிக்கிறான்.

நிறத்துக்கு வருவோம். சென்னை ஐ.பி.எல். அணிக்கும் மஞ்சள்தான். ஏப்ரல், மே மாதங்களில் எந்தத் தெருவிலும் மஞ்சள் பனியன் போட்ட பையன்களைப் பார்க்கலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. அந்த அணியை யாரும் தங்கள் தெருவுக்கு மட்டும் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்பதுதான் காரணம். அதே மஞ்சள் சிவப்போடு சேர்ந்து, ஒரு தெருப் பையன்கள் மட்டும் ஆடுகிற அணியின் கொடியாக வந்தால் ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட அர்த்தம் தெரியும். மஞ்சள் சிவப்பு யாருக்கு, பச்சை சிவப்பு யாருக்கு, நீலம் சிவப்பு யாருக்கு என்று நான் இங்கே எழுத வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். "எங்களுக்குத் தெரியாது, நிறம் எடுப்பாக இருந்ததால் எடுத்தோம்" என்று எத்தனையோ கமிட்டிகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் அந்த நேரத்தில் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் இதையே கயிறு வடிவத்தில் பார்த்தோம். 2023-ல் நாங்குநேரியில் தலித் மாணவரை உடன்படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கையில் சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு, நிறம் பூசிய சைக்கிள் வரைக்கும் தடுக்கச் சொல்லியிருக்கிறார். அதைச் சிலர் கேலி செய்தார்கள். பல ஆண்டுகள் விளையாட்டுப் பீரியடில் பிள்ளைகளை அணி பிரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது கேலிக்குரியதே இல்லை. நீங்களே அணி பிரித்துக்கொள்ளுங்கள் என்று விட்டால் ஏழாம் வகுப்பிலேயே தெருவாரியாகப் பிரிந்து நிற்பார்கள். வரிசையில் நிற்கவைத்து ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணித்தான் நான் பிரிப்பேன். முதல் வாரம் முனகுவார்கள். ஒரு பருவம் முடிவதற்குள் யார் நல்ல கார்னர், யாருக்குக் கால் வேகம் என்பது மட்டும்தான் அவர்கள் பேச்சில் இருக்கும்.

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. வட அயர்லாந்தில் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் இடையே இதே பிரச்சினை இருக்கிறது. அயர்லாந்தின் பாரம்பரிய விளையாட்டுகளை நடத்துகிற கேலிக் தடகளச் சங்கம் 1884-ல் தொடங்கியது. வட அயர்லாந்தில் அதில் ஆடுகிறவர்கள், பார்க்கிறவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். அங்கிருந்த பிரிட்டிஷ் போலீஸ்காரர்களும் ராணுவத்தினரும் அதில் உறுப்பினராகவே முடியாது என்ற விதி 2001 வரை இருந்தது. மாவட்ட அணி இறுதிப் போட்டிக்குப் போனால் தெருவிளக்குக் கம்பம் எல்லாம் அணியின் கொடி பறக்கும். இரு தரப்பும் கலந்து வாழும் தெருக்களில் "எங்கள் மாவட்ட அணி, இதில் என்ன மதம்?" என்று ஒரு தரப்பு கேட்கும். "எங்களை எப்போது சேர்த்தீர்கள்?" என்று மறு தரப்பு கேட்கும். உங்கள் பாலத்தில் நடந்த அதே வாக்குவாதம்தான்.

அங்கே அர்மா என்று ஒரு மாவட்டம். அந்த அணியின் நிறம் ஆரஞ்சு. 2024-ல் அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றது. அதே அர்மா மாவட்டத்தில்தான் 1795-ல் ஆரஞ்சு சங்கம் என்ற புராட்டஸ்டண்டு அமைப்பு தோன்றியது. அவர்கள் ஊர்வலத்தில் அணிவதும் ஆரஞ்சுதான். ஒரே மாவட்டம், ஒரே நிறம், இரண்டு தரப்பு. நிறத்தில் ஒன்றுமில்லை, கொடியின் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதுதான் எல்லாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2020-ல் பெல்ஃபாஸ்ட் நகரின் கிழக்குப் பகுதியில், புராட்டஸ்டண்டுகள் அதிகம் வாழும் இடத்தில், இதே கேலிக் விளையாட்டுக்கு ஒரு புதுச் சங்கம் தொடங்கினார்கள். ஆரம்பத்திலிருந்தே இரண்டு தரப்பையும் சேர்த்துக்கொண்டார்கள். சின்னத்தில் இரு தரப்பின் அடையாளங்களையும் போட்டு, அந்தப் பகுதிக் கப்பல் கட்டும் தளத்தின் பெரிய கிரேன்களையும் வரைந்து, "ஒன்றாக" என்ற சொல்லை மூன்று மொழிகளில் எழுதினார்கள். அவர்களுக்கும் மிரட்டல் வந்தது. ஆனாலும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் ஆட்களைச் சேர்த்த பிறகுதான் சின்னத்தை வரைந்தார்கள், அந்த வரிசையைக் கவனியுங்கள்.

நம் பக்கத்தில் மத விவகாரமாகவும் இது வரும். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் மாதிரி முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஊர்களில் கால்பந்துக்கோ கிரிக்கெட்டுக்கோ பச்சைக் கொடி கட்டினால் அதைப் பார்க்கிற கண் வேறு. விநாயகர் சதுர்த்தி ஊர்வலத்துக்கு முத்துப்பேட்டையில் வருஷா வருஷம் எவ்வளவு போலீஸ் வந்து குவிகிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சமயத்தில் எந்தக் கொடியும் விளையாட்டுக் கொடியாக இருக்காது. அந்த ஊர்களில் அனுபவமுள்ள கமிட்டிக்காரர்கள் போட்டித் தேதியையே ஊர்வலத்திலிருந்து தள்ளி வைத்துவிடுவார்கள். இது பயந்து ஒதுங்குவது ஆகாது, பொறுப்போடு நடந்துகொள்வது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கிராமக் கபடிப் போட்டிகளுக்கு அனுமதி தரும்போது நிபந்தனைகள் போடுகிறது. வீரர்களின் உடையில் சாதி அடையாளமோ தலைவர்கள் படமோ கூடாது, சாதியைத் தூண்டும் பிளக்ஸ், பாட்டு கூடாது, மது அருந்திவிட்டு ஆடக் கூடாது, முதலுதவிக்கு ஆள் இருக்க வேண்டும், அசம்பாவிதம் நடந்தால் கமிட்டியே பொறுப்பு என்று வரும். தஞ்சாவூர், திருச்சி மாவட்டங்கள் மதுரைக் கிளைக்குக் கீழே வருகின்றன. உங்கள் திருவாரூரும் நாகையும் மயிலாடுதுறையும் சென்னைக்குக் கீழே. ஆனால் காவல் நிலையத்தில் அனுமதிக் கடிதம் வாங்கும்போது எங்கேயும் இதே மாதிரி நிபந்தனைகள்தான் எழுதித் தருகிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படித்துப் பாருங்கள். முக்கால்வாசிக் கமிட்டி படிப்பதில்லை.

பொது இடத்துக் கொடிக்கம்பம் பற்றியும் தீர்ப்பு வந்தது. கட்சி, சாதி, மத அமைப்புகளின் நிரந்தரக் கொடிக்கம்பங்களைச் சாலையோரம், அரசு நிலம் எல்லாவற்றிலிருந்தும் 12 வாரத்துக்குள் அகற்ற வேண்டும் என்று 2025 ஜனவரியில் மதுரைக் கிளை உத்தரவிட்டது. மேல்முறையீடு, வாதம் என்று அது பிறகும் நீண்டது. "கட்சிக் கொடி பறக்கிறதே, எங்கள் கொடிக்கு மட்டும் ஏன் தடை?" என்று நீங்கள் கேட்டால் கேள்வி நியாயமானதுதான். ஆனால் பாலமும் பேருந்து நிறுத்தமும் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்த இடம் இல்லை. அரசியல் சாசனத்தின் 15-ஆவது பிரிவு அரசுப் பணத்தில் பராமரிக்கிற சாலை, குளம், பொது இடங்களில் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. கொடி ஒருவரையும் கையைப் பிடித்துத் தடுக்காது, சரி. ஆனால் இது எங்கள் எல்லை என்று சொல்ல அதனால் முடியும். பாலத்தில் கட்டியதுதான் எனக்கு நெருடுகிறது. மைதானம் அந்தப் பக்கம் இல்லையே, போட்டிக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டவும் அது தேவையில்லையே. அப்படியானால் எதற்குப் பாலம் வரைக்கும்? கமிட்டியில் யார் அந்த யோசனையைச் சொன்னார் என்று விசாரியுங்கள்.

மின்கம்பத்தில் கட்டியிருந்தால் அதை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள், யாரும் சொல்லக் காத்திருக்க வேண்டாம். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கத்துக் களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். ஈர மூங்கிலைத் தூக்கிக்கொண்டு மின்கம்பத்தில் ஏறுகிற பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்கும்.

சரி, இப்போது என்ன செய்யலாம்?

கொடியை மைதானத்துக்குள் கொண்டுவாருங்கள். எல்லைக் கோட்டுக்கு வெளியே சுற்றிலும் கட்டுங்கள், நுழைவாயிலில் கட்டுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் கட்டுங்கள். விளையாட்டுக்கு வருகிறவன் அங்கே அதைப் பார்க்கட்டும். வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் போகிறவர்கள் நடக்கிற வழியில் வேண்டாம். அப்புறம், கோயிலில் கொடியேற்றத்துக்கு நாள் இருப்பது போலக் கொடி இறக்கவும் நாள் இருக்கிறது. நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் அப்படித்தான். உங்கள் கொடிக்கும் நாள் வையுங்கள். போட்டிக்கு முந்தின நாள் ஏறட்டும், பரிசளிப்பு முடிந்த மறுநாள் இறங்கட்டும், கட்டின பையன்களே இறக்கட்டும். சண்டை பெரும்பாலும் போட்டி நாளில் வருவதில்லை. நாலு மாதம் கழித்து, நிறம் வெளுத்துக் கிழிந்து தொங்கும்போது யாரோ ஒருவன் ராத்திரி அறுத்துப் போடுவான். "எங்கள் கொடியை அறுத்துவிட்டான்" என்று அடுத்த நாள் ஆரம்பிக்கும். காவல் நிலையத்துக்கு வருகிற கொடித் தகராறுகளில் பாதி இந்த வகை.

ரீல்ஸ் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இப்போது கொடி கட்டுவதே செல்போனில் போடுவதற்குத்தான் என்று ஆகிவிட்டது. பாலத்தில் ஏறி நின்று, கொடியை ஆட்டி, பின்னால் சாதிப் பெருமைப் பாட்டு ஒன்றைச் சேர்த்துப் பதினைந்து விநாடி வீடியோ. கொடியில் சாதி இல்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள், வீடியோவின் பாட்டில் இருக்கிறது. எதிர்த் தெருப் பையன் அதைத் தன் ஸ்டேட்டஸில் போட்டு ஒரு பதில் பாட்டுச் சேர்க்கிறான். பெரியவர்களுக்கு விஷயம் தெரிவதற்குள் கை மீறிவிடுகிறது. உங்கள் அணியில் யாராவது அப்படிப் போட்டிருந்தால் முதலில் அதை எடுக்கச் சொல்லுங்கள். கொடியை இறக்குவதைவிட அது அவசரம்.

நிறத்தை மாற்றுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. இரட்டை நிறத்தை விட்டுவிடுங்கள். நம் பக்கத்தில் எந்த இரண்டு நிறத்தைச் சேர்த்தாலும் அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். ஊர்ப் பள்ளிக்கூடத்து விளையாட்டு உடையின் நிறத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லி நான் சில அணிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். இரண்டு தெருப் பிள்ளைகளும் போட்டு வளர்ந்த நிறம் அது, யாரும் எதிர்க்க முடியாது.

ஆனால் இதெல்லாம் மேல்பூச்சு. அணிக்குள் ஆட்களைச் சேர்க்காமல் நிறத்தை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் அந்தப் புது நிறத்துக்கும் அதே பெயர் வந்துவிடும். உங்கள் ஊரில் பாலத்துக்கு அந்தப் பக்கம் கபடி ஆடுகிற பையன்கள் இல்லாமல் இருக்க மாட்டார்கள். அவர்களைச் சேர்க்கும்போது பெஞ்சில் உட்காரவைக்கச் சேர்க்காதீர்கள். ஏழு பேரில் இடம் கொடுங்கள். கமிட்டியில் அந்தத் தெருப் பெரியவர் இரண்டு பேரைப் போடுங்கள், நோட்டீஸில் அவர்கள் பெயரைக் கடைசி வரியில் தள்ளாமல் அகரவரிசையில் எல்லாப் பெயரையும் போடுங்கள். பட்டப்பெயர் யாருக்கும் வேண்டாம். மைக்கில் பெயரும் பனியன் எண்ணும் போதும். வயலில் நடத்துவதைவிடப் பள்ளி மைதானத்திலோ ஊராட்சிப் புறம்போக்கிலோ நடத்த முடியுமா என்று பாருங்கள். மண் கெட்டியாக இருக்கும், வேலை கூடும், ஆனால் "என் வயலில் யார் இறங்குவது" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

அந்தத் தெருவிலும் தனி அணி, தனிக் கொடி இருக்கலாம். இருந்தால் அவர்களுக்கும் இதே வரையறைதான், அவர்கள் கொடியும் மைதானத்துக்குள்தான். ஒரு தரப்புக்கு மட்டும் விதி போட்டால் நிற்காது. ஆனால் முதல் அடியை நீங்கள் எடுத்து வையுங்கள். ஊர்ப் பெயர் உங்கள் கொடியில் இருக்கிறது, அதற்கான பொறுப்பும் உங்களிடம்தான் இருக்கிறது.

வடுவூர் உங்களுக்குப் பக்கம்தான். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியக் கபடி அணிகள் தங்கம் வென்றபோது ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ் இருந்தார், பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். இருவருக்கும் தமிழக அரசு தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. மாவட்டத் தேர்வுக்கு வருகிற பையன்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தன் தெருக்காரனோடு மட்டுமே ஆடிப் பழகியவன் அங்கே தடுமாறுகிறான். முன்பின் தெரியாதவன் கையைக் கோத்துச் சங்கிலி போட வேண்டும், அவன் இழுக்கும்போது நம்பிக்கையோடு கூடப் போக வேண்டும். கை கோக்கத் தயங்குகிறவனை ரைடர் ஒரே பார்வையில் கண்டுபிடித்து அந்த இடைவெளியில்தான் புகுவான்.

இந்தப் பிரச்சினையை வழக்காக வளர விடாதீர்கள். காவல் நிலையத்தில் இப்போது பேச்சோடுதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கைகலப்பு ஆகிவிட்டால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவில் பகைமை வளர்த்ததாக வழக்கு வரலாம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரலாம். அந்தச் சட்டம் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கபடி ஆடுகிற பையன்களில் பாதிப் பேர் போலீஸ் வேலைக்குக் கனவு காண்கிறவர்கள். காவலர் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கு 10 சதவீத இடம் இருக்கிறது, அதற்காகத்தான் சான்றிதழ் சேர்க்கிறார்கள். மீதிப் பேர் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போகிறவர்கள், அவர்களுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். ஒரு கொடிக்காகப் பெயர் முதல் தகவல் அறிக்கையில் ஏறினால் இரண்டு கதவும் அடைபடும். இரண்டு தெருவிலும்தான்.

வட்டாட்சியர் சமாதானக் கூட்டம் போடுவார் என்று காத்திருக்க வேண்டாம். அதிகாரி முன்னால் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் விறைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து பழைய இடத்திலேயே நிற்பார்கள். பாலத்தில் இருக்கிற கொடிகளை நீங்களே கழற்றிவிட்டு, அணியில் மூத்த பையன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, கமிட்டிப் பெரியவர் ஒருவரும் சேர்ந்து அந்தத் தெருவுக்குப் போங்கள். பகலில் போங்கள். அவர்களைக் கோயில் திடலுக்கு வரச் சொல்லாமல் நீங்கள் அங்கே போய் உட்காருங்கள், டீ கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். கொடியைப் பற்றி முதலில் பேச வேண்டாம். சித்திரையில் கோயில் திருவிழாப் போட்டிக்கு அணி எடுக்கப் போகிறோம், உங்கள் தெருவில் யார் யார் ஆடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூட மைதானத்துக்கு அனுப்புங்கள் என்று கேளுங்கள். தேர்வுக்கு வெளியூர் நடுவர் வேண்டுமென்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், விசிலோடு வருகிறேன்.